குகன் நிறுத்திவைத்த ஆட்டம்

புதன்கிழமை, இரவு.

வெள்ளவத்தை வீடியோ கேம் கடையில் எல்லோரும் அந்தச் சண்டை கேமின் இரண்டாம் பாகத்துக்குத்தான் அடிபடுகிறார்கள். மூன்றாம் பாகத்தில் பழைய வீரர்கள் இல்லையாம், மடையர்கள். அடி விழும் கணத்தில் பின்வாங்காமல் முன்னே போனால் அடியே படாது. அந்த அழகு மூன்றாவதில் மட்டும்தான். அது புரிந்தவர்கள் நானும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து லொட்ஜில் தங்கியிருக்கும் குகனும். அவனை நான் ஒருநாளும் வென்றதில்லை.

இன்று ஆட்டத்தின் நடுவில் பொலிஸ் வந்தது. என் அடையாள அட்டையில் கொழும்பு விலாசம், விட்டுவிட்டார்கள். குகனுடையதில் யாழ்ப்பாணம், அவனைக் கதிரையிலிருந்து எழுப்பினார்கள். அவன் ஆட்டத்தை நிறுத்திவைத்தான்.

"வந்து முடிக்கிறன் மச்சான், தொடாதை."

அவனை ஏற்றிக்கொண்டு ஜீப் போனதும் நான் பட்டனை அழுத்தினேன். திரையில் அவனுடைய ஆள் அசையாமல் நின்றான். விழும்வரை அடித்தேன்.

லொட்ஜில் காத்திருக்கும் அவன் அண்ணனுக்குப் பொலிஸ் வந்ததை நாளைக்குச் சொல்லலாம். இன்றைக்கு நான் வென்றிருக்கிறேன்.