ராணி யாரைப் பார்க்கிறாள்

ஸ்காபரோ,
2 மார்ச் 2025, ஞாயிறு

அன்பு மருமகள் நதீஷாவுக்கு,

மடு மாதாவின் புண்ணியத்தில் மாமா நல்ல சுகம். அந்தச் சுகத்தில் பாதியை இந்த உறைக்குள் வைத்து அனுப்புகிறேன், எடுத்துக்கொள்.

போன் அடித்தால் நீ எடுக்கிறாய் இல்லை. அதனால் பேனை பிடித்திருக்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவனின் கடிதம் என்று நினைக்காதே. எங்கள் தலைமை ஆசிரியர், "வின்சன்ற், உனக்கு இனிப் படிப்பிக்க எங்களிட்டை ஒண்டும் இல்லை" என்று சொல்லித்தான் என்னை வீட்டுக்கு அனுப்பினவர்.

முதலில் பெரிய செய்தி. நீயும் உன் அப்பாவும் ஞாயிறுப் பூசை முடிய இருந்து பார்ப்பீர்களே, சீன ராசா படம், அதன் மூன்றாம் பாகம் வந்துவிட்டது. மார்க்கம் நகரத்தில் சீன மோலுக்குள் ஓடுகிறது. இரண்டு பாகத்திலும் சக்கரவர்த்தியாக நடித்த கிழவன் செத்துப்போனான் அல்லவா. இப்போது வேறு ஒருவனைப் போட்டிருக்கிறார்கள். எங்கள் உணவகத்துக் குசினியில் இதைப் பற்றிப் பெரிய வழக்கு. கத்தி பிடிக்கிறவர்கள் பழைய ஆளின் பக்கம், நூடில்ஸ் போடுகிறவர்கள் புது ஆளின் பக்கம். பெரிய சமையல்காரர் லியூ தாச்சியை இறக்கிவைத்துவிட்டு என்னிடம்தான் தீர்ப்புக் கேட்டார். நான் சொன்னேன்: "லியூ, மிங் எண்ட ராசாவை நீங்கள் ஒருத்தரும் கண்டதில்லை. நான் பூச்சாடியிலை கண்டனான். அவருக்கு முகத்திலை நாடி அகலம். இந்தப் புது ஆளுக்கும் அகலம். விடுங்கோ." குசினி முழுக்கக் கைதட்டியது. சீனருக்கே சீனச் சரித்திரம் சொல்லிக்கொடுக்க ஒரு மன்னார்க்காரன் வேண்டியிருக்கிறது.

எனக்கு இந்த விஷயத்தில் பேச உரிமை உண்டு. முன்பு இங்கே படம் பிடிக்க வந்த ஒரு சீன டைரக்டர் எங்களிடம் சாப்பிட வந்தவன், என்னைக் கண்டதும் கரண்டியை வைத்துவிட்டு, "இது தளபதியின் முகம்" என்றான். உயரம்தான் காலை வாரிவிட்டது.

அடுத்தது சின்னச் செய்தி. உன் அம்மாவும் கிளிபோட்டும் கலியாணம் செய்ய நினைத்திருக்கிறார்கள். இது உனக்குத் தெரியும், தெரிந்தபடியால்தான் நீ போன் எடுப்பதில்லை என்று அம்மா சொல்கிறா. உன் அப்பா போய் இரண்டு வருடம் முடிந்தது. அருள்நாயகம் எனக்கு மச்சான் மட்டுமில்லை, என் பொய்யெல்லாம் கேட்டுச் சிரித்த ஒரே மனிதன். எனக்கும் நோகும். ஆனால் இந்தப் புதன் தவக்காலம் தொடங்குகிறது, பாஸ்குத் திருநாள் முடிந்தால் கோயிலில் கலியாண அறிவித்தல் ஓலை வாசிக்கத் தொடங்கலாம், ஒரு பதில் சொல்லுங்கோ என்று சுவாமியார் கேட்டுக்கொண்டிருக்கிறார். அம்மா ஒரே பிடி: "நதீஷா தன்ரை வாயாலை ஓம் எண்டு சொல்லாமல் ஓலை வாசிக்க விடமாட்டன்."

ஆகவே இரண்டு கேள்விக்கும் பதில் எழுது. புதுச் சக்கரவர்த்தி உனக்குப் பிடித்திருக்கிறானா? அம்மாவுக்கு என்ன சொல்கிறாய்? ஒஷாவா என்ன ஒஸ்ரேலியாவா, இவ்வளவு தூரம் போய் இருப்பதற்கு.

உன் மேல் உயிரையே வைத்திருக்கும்,
வின்சன்ற் மாமா

•

ஒஷாவா,
11 மார்ச் 2025

அன்புள்ள மாமா,

கடிதம் கிடைத்தது. சுகமாக இருக்கிறேன். கிளினிக்கில் வேலை அதிகம். பல் பிடுங்கியவர்கள் வெளியே வந்து என் மேசைக்கு முன்னால் நின்று, மரத்த உதட்டைத் தொட்டுத் தொட்டு, ஒன்றும் தெரியவில்லை என்பார்கள். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும் என்று நான் சொல்வேன். நாள் முழுக்க அதையே சொல்கிறேன்.

மூன்றாம் பாகத்தை அவர்கள் எடுத்திருக்கத் தேவையில்லை. இரண்டாம் பாகத்தோடு கதையை நிற்பாட்டியிருந்தால் ஒருவரும் வழக்குப் போட்டிருக்க மாட்டார்கள். அப்பாவுக்குப் படத்தின் கீழே ஆங்கில எழுத்து ஓடுகிற வேகத்துக்கு வாசிக்க வராது. "இப்ப என்னவாம் சொல்லுறான்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார், நான் தமிழில் சொல்வேன். அம்மா ஒருநாளும் எங்களோடு இருந்து பார்த்ததில்லை. குசினிக்குள் இருந்து, "சண்டை முடிஞ்சுதோ, சோறு போடட்டோ?" என்று மட்டும் கேட்பா.

ட்ரெயிலர் பார்த்தேன். புது ஆளில் எனக்குக் குறை இல்லை. நாடி அகலமா என்று கவனிக்கவில்லை. ராணியாக வருகிறவள் பழைய நடிகைதான். பழைய ஆளை எந்தக் கண்ணால் பார்த்தாளோ அதே கண்ணால் இவனையும் பார்க்கிறாள். ஒரு பிசகும் இல்லை. அதைத் தாங்க முடியவில்லை என்று எழுதினால் அது பொய். தாங்க முடிகிறது. எல்லாமே தாங்க முடிகிறது.

அம்மாவுக்குச் சொல்ல என்னிடம் இப்போது ஒன்றும் இல்லை. நல்லாயிருக்கட்டும்.

நதீஷா

•

ஸ்காபரோ,
20 மார்ச் 2025

என் கெட்டிக்கார மருமகளே,

உன் கடிதம் வந்த அன்றைக்கே லீவு போட்டுவிட்டு மார்க்கத்துக்குப் போய் மூன்றாம் பாகத்தைப் பார்த்துவிட்டேன். தியேட்டர்க்காரன் என்னை அடையாளம் கண்டு நடுச் சீற்றில் இருத்தினான். எழுத்து வாசிக்கவே தேவைப்படவில்லை. குசினியில் இத்தனை வருடம் ஏச்சு வாங்கியவனுக்குச் சீனம் தண்ணீர் பட்டபாடு.

நீ பிழையாக விளங்கிவிட்டாய், பிள்ளை. கதை இன்னும் முடியவில்லை, நடித்தவன்தான் முடிந்துபோனான். ஆற்றுக்கு அணை கட்ட வேண்டும், வடக்கே சண்டை இருக்கிறது, ஆர் பார்ப்பது? ஒருவன் வரத்தான் வேண்டும். வந்தவன் பழைய ஆளைப் போல நடிக்கப் பார்த்தால் நானே செருப்பைக் கழற்றி எறிந்திருப்பேன். அவன் அப்படிச் செய்யவில்லை. தன்பாட்டில் வருகிறான், தனக்கென்று விட்ட இடத்தில் இருக்கிறான்.

ராணியைப் பற்றி எழுதியிருந்தாய். அதே கண் என்று. இல்லை. ஒரு காட்சி சொல்கிறேன், கேள். மத்தியானச் சாப்பாடு முடிந்துவிட்டது. சக்கரவர்த்தி ஒரு தோடம்பழத்தை எடுத்துத் தோல் அறாமல் ஒரே நீளமாக உரிக்கிறார். மொட்டைத் தலை, அதில் வெயில் படுகிறது. உரித்து முடித்ததும் அந்தத் தோலைத் தன் காதில் கொளுவிக்கொண்டு, முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் ராணிக்குப் பழத்தை நீட்டுகிறார். ராணி சிரிக்கிறாள். வாயைக் கையால் மூடாமல் சிரிக்கிறாள், பிள்ளை. முன்பல்லெல்லாம் தெரிய. கண்ணில் தண்ணீர் வரும்வரைக்கும். பிறகு தான் சிரித்ததைத் தானே கேட்டுப் பயந்தவள் மாதிரிச் சுற்றிப் பார்க்கிறாள். முதல் இரண்டு பாகத்தில் அப்படிச் சிரித்தாளா? அது பழைய கண்ணா? நீயே சொல்.

கிளிபோட்டை நீ கோயிலில் கண்டிருப்பாய். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், பாட்டுக்குழுவில் பின்னுக்கு நிற்பார், மொட்டைத் தலை, வாய் அசையும், சத்தம் வராது. எனக்கு முன்னால் இருந்தால் பேசவே மாட்டார். அவரிடம் நான் கண்ட குறை அது ஒன்றுதான். மற்றவர்களுக்கு அதையே குணமாகச் சொல்லியிருக்கிறேன்.

உன் பதிலை அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "நல்லாயிருக்கட்டும்" என்று நீ எழுதியிருந்ததைக் கொஞ்சம் விரித்துச் சொன்னேன். அம்மா முகத்தைக் கழுவப் போய்விட்டா.

உன் புகழ் பாடும்,
வின்சன்ற் மாமா

•

ஒஷாவா,
1 ஏப்ரல் 2025

மாமா,

அம்மா கிளினிக் போனில் செய்தி விட்டிருந்தா. "நீ ஓம் எண்டு சொன்னியாம், உனக்கு மனம் ஆறிட்டுதாம், மாமா சொன்னவர். பிள்ளை, நீ நல்லாயிருப்பாய்." எனக்கு முன்னால் இரண்டு நோயாளிகள் நின்றார்கள். நான் அப்படி எழுதவில்லை. எனக்கு மனம் ஆறவும் இல்லை, கொதிக்கவும் இல்லை. நீங்கள் விரித்துச் சொன்னது எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியாது. கோபமாக எழுத வேண்டும் என்று இருந்து பார்த்தேன், வரவில்லை.

சனிக்கிழமை மார்க்கத்துக்குப் போனேன். தியேட்டரில் வயதான சீன ஆட்கள் மட்டும் இருந்தார்கள். பக்கத்தில் இருந்த அன்ரி எனக்கு ஒரு இனிப்புத் தந்தா. வாங்கிச் சாப்பிட்டேன்.

படம் ராணியின் சவப்பெட்டியோடு தொடங்குகிறது. முதல் காட்சியே அதுதான். பிறகு கடைசிவரை அணை, சண்டை, மந்திரிகள். சக்கரவர்த்தி ஒரு இடத்திலும் தோடம்பழம் உரிக்கவில்லை. அவர் மொட்டையும் இல்லை. நீங்கள் இந்தப் படத்தைப் பார்க்கவில்லை.

ட்ரெயிலரில் வந்த பார்வை நடுவில் ஒரு இடத்தில் வருகிறது. புது ஆள் தனியே இருந்து பழையதை நினைக்கிறான். படகுத்துறை, மழை. அப்பாவும் நானும் இரண்டாம் பாகத்தில் பார்த்த அதே துண்டு. அப்பா அந்த இடத்தில் திருப்பிப் போடச் சொல்லுவார். ராணி பார்க்கிறாள், எதிரே நிற்பது பழைய ஆள்தான். ட்ரெயிலர் செய்தவர்கள் அந்தப் பார்வையை வெட்டி எடுத்துப் புது ஆளின் முகத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார்கள். முழுப் படத்திலும் அவள் புது ஆளை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. அது பழைய ஆளுக்கு உரிய பார்வை. அவனிடமே இருக்கிறது.

லைற் போட்ட பிறகும் இருந்தேன். துடைக்க வந்த பெடியன் எழும்பச் சொன்னான்.

ஒன்று கேட்க வேண்டும். அம்மா சிரித்தால் கையால் வாயை மூடுவா. அப்பா இருக்கும்போதும் அப்படித்தான், அவர் எவ்வளவு பகிடி விட்டாலும். நாள் முழுக்க ஊராரின் பல்லைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அம்மாவின் முன்பல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் எழுதிய சிரிப்பு ஆருடையது, மாமா?

நதீஷா

•

ஸ்காபரோ,
7 ஏப்ரல் 2025

அன்பு மருமகள் நதீஷாவுக்கு,

நீ பார்த்தது வெட்டிச் சுருக்கிய பிரதி. நான் பார்த்தது நீளமான பிரதி. தியேட்டர்க்காரர்கள் அவசரத்தில் நல்ல காட்சிகளைத்தான் முதலில் வெட்டுவார்கள், இது தொழில் தெரிந்தவர்களுக்குத் தெரியும். லியூவும் அதைத்தான் சொன்னார். என்னை மிஞ்சி அவர் சொல்லமாட்டார்.

அந்தக் காட்சி இங்கே அம்மா வீட்டில் ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு ஓடுகிறது. எல்லா ஞாயிறும் இல்லை. நான் கண்டது ஒரே ஒரு தடவை. குசினிக் கதவுக்கு இந்தப் பக்கம், கையில் சோற்றுக் கோப்பையோடு நின்றேன். அவ என் தங்கச்சி. சின்ன வயதில் அவ விழுந்து பல் உடைந்தபோது தூக்கிக்கொண்டு ஓடினவன் நான். அதற்குப் பிறகு அவ அப்படிச் சிரித்ததை நானும் அன்றைக்குத்தான் கண்டேன். உள்ளே போனால் கையை எடுத்து மூடிவிடுவா என்று போகவில்லை. சோறு ஆறிவிட்டது.

இதில் ஒரு சொல்லும் நான் கூட்டவில்லை.

நீ ஓம் சொல்லவில்லை என்று அம்மாவிடம் நேற்றுச் சொல்லிவிட்டேன். "எனக்குத் தெரியும் அண்ணை, உங்களை எனக்குத் தெரியாதோ" என்றா. ஓலையை நிற்பாட்டச் சொல்லி சுவாமியாருக்கும் அவவே சொல்லிவிட்டா. கிளிபோட் வெளியே போய் எங்கள் வாசல் பனியை வழித்துவிட்டு வந்து இருந்தார்.

வேறு விசேஷம் இல்லை.

வின்சன்ற் மாமா

•

ஒஷாவா,
16 ஏப்ரல் 2025

அன்புள்ள மாமா,

நேற்று அம்மாவுக்கு நானே போன் எடுத்தேன். பாஸ்கு முடிந்த ஞாயிறு ஓலை வாசிக்கச் சொல்லுங்கோ என்றேன். "நீயோ சொல்லுறாய், மாமாவோ சொல்லச் சொன்னவர்?" என்று கேட்டா. நான்தான் என்றேன்.  பிறகு இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. அங்கே தண்ணீர்க் குழாய் ஓடுகிற சத்தம் கேட்டது, பிறகு அதை ஆரோ பூட்டினார்கள்.

மே பதினேழாம் திகதி கலியாணத்துக்கு வருவேன். ரயிலில் வருகிறேன், ஒருவரும் ஏற்ற வரவேண்டாம். கோயிலில் பின் வாங்குப் பலகையில் இருப்பேன். படம் எடுக்கக் கூப்பிட்டால் வந்து நிற்பேன். கிளிபோட்டை அங்கிள் என்றுதான் கூப்பிடுவேன். அதற்கு மேல் ஒரு சொல்லும் என்னிடம் கேட்க வேண்டாம், அவரையும் கேட்கவைக்க வேண்டாம்.

இதை எழுதும்போது எனக்குச் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. கோயிலில் ஆரும் கேட்டால் உள்ளது உள்ளபடி சொல்லுங்கோ. போனில் நான் அழுதேன் என்று சொல்லிவிடாதேங்கோ. அழவில்லை.

நதீஷா