பாஞ்சாலியின் மறுபரீட்சை

18 ஏப்ரல் 1938, மாரண்டஹள்ளி

மத்தியான ரயிலில் பாஞ்சாலி வந்து இறங்கினாள். பட்டணத்தில் பி.ஏ. பாட்டனி, இரண்டு வருஷத்தில் ஒன்று முடிந்திருக்கிறது. ஸ்டேஷன் தந்தி மேஜையிலிருந்து எழுந்து ஓடினேன். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: "வாய்ப் பரீட்சையில போயிடுச்சுங்க. ஜூலையில மறுபடி வரச் சொல்றாங்க. நான் போவலை."

19 ஏப்ரல்

அம்மா மருமகள் பக்கம். "எளைச்சுப் போயி வந்திருக்கா. வூட்டோட இருக்கட்டும், வுடுடா முனிராஜ்."

விட மாட்டேன். ஸ்கூல் பைனலோடு நின்றவன் நான். அவளாவது—

2 மே

தினமும் காலையில் கேள்வி கேட்கிறேன். இங்கிலீஷில்தான் பதில். தடுமாறினால் முதலிலிருந்து. இன்று பட்டென்று நோட்டை மூடினாள்.

"அங்க அவங்க மெரட்டுறாங்க. இங்க நீங்க."

சாப்பிடாமல் டூட்டிக்குப் போய்விட்டேன்.

3 மே

அவள் சொன்னதில் என்ன தப்பு?

4 மே

மன்னிப்புக் கேட்டேன். என்ன வேண்டும் உனக்கு என்றேன். "செடி பாக்கணும்ங்க. புஸ்தகத்துல இல்ல. மரத்துல."

14 மே, வத்தல்மலை

நான்கு நாள் லீவு. தர்மபுரியில் இறங்கி, விடியும் முன் நடந்து மலை ஏறினோம். வழி காட்ட, கடுக்காய் பொறுக்கும் பழனியம்மாள் வந்தாள். பாஞ்சாலி வயசுதான். வாய் ஓயாது.

"தின்றதுக்கும் ஆவாத தழையப் பறிச்சு நீ இன்னா பண்ணப்போற?"

பாஞ்சாலி ஒரு கொன்றைப் பூவை நகத்தால் கிழித்தாள். "இங்க பாரு. உள்ள பத்து மகரந்தத் தண்டு இருக்குது. மூணு மட்டும் நீண்டு வளைஞ்சிருக்கு. ஆவாரம்பூவுலயும் பத்துதான். ரெண்டும் ஒரே வமிசம்."

"அட! அது புதரு, இது மரமாச்சே?"

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள். சூல் என்ன, விதை எப்படி, வமிசத்தை எதை வைத்துப் பிரிக்கிறார்கள்... ஒரு மணி நேரம். நான் பாறை ஓரம் தழைக் கூடையோடு நின்றேன். இவளா தோற்றாள்?

இறங்கும்போது கேட்டேன், இதை ஏன் அங்கே சொல்லவில்லை என்று.

"இவ பூவப் பாக்குறா. அங்க எல்லாரும் என் வாயப் பாக்குறாங்க."

1 ஜூன்

இப்போது அவள் எனக்குப் பாடம் சொல்கிறாள். முதலில் தமிழில், பிறகு அதையே இங்கிலீஷில். எனக்கு நிஜமாகவே ஒன்றும் தெரியாது. என் அசட்டுக் கேள்விகளுக்குச் சிரிக்கிறாள். நேற்று வெங்காயத்தை வெட்டிவைத்து இரண்டு மணி நேரம். சமையலுக்கு வெங்காயமே இல்லை. அம்மாவுக்குக் கோபம்.

4 ஜூலை

கூடவே பட்டணம் வருகிறேன் என்றேன்.

"வேணாங்க. நீங்க வெளிய நின்னா எனக்கு உங்க நெனப்புதான் வரும்." துணிப்பையைத் தானே தூக்கி ரயிலில் வைத்தாள்.

வருத்தமா? கொஞ்சம். பெருமைதான் அதிகம்.

12 ஜூலை

கடிதம். ஒரு பூவைக் கொடுத்து, இது என்ன என்றார்களாம். வாயைத் திறக்காமல் முதலில் பூவைப் பிரித்து மேஜையில் வரிசையாக வைத்தாளாம். பிறகு ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுச் சொல்லியிருக்கிறாள். இங்கிலீஷ் சிக்கிய இடத்தில் நிறுத்தி, மூச்சு விட்டு, மறுபடி. பரீட்சை செய்த அம்மாள் நாற்காலியை விட்டு எழுந்து, குனிந்து பூவைப் பார்த்தாராம்!

பாஸ். மேல் வகுப்புக்குப் போகிறாள்.

அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "ரெண்டாந்தரம் படிடா" என்றாள்.

26 மே 1939

காலை பத்தே கால். தந்தி மேஜையில் இருந்தேன். மொரப்பூர் ஸ்டேஷனிலிருந்து சிநேகிதன் ராஜப்பன் தந்தியில் தட்டினான். பி.ஏ. ரிசல்ட் போட்ட பட்டணத்துப் பேப்பர் அங்கேதான் முதலில் வரும். பாஞ்சாலியின் நம்பர். அப்புறம் 'முதல்'. அப்புறம் 'வகுப்பு'. காது கேட்டுவிட்டது, பென்சில் நகரவில்லை. திரும்பத் தட்டச் சொன்னேன். தட்டினான். இன்னொரு முறை என்றேன். "போய் அவளிடம் சொல்லடா மடையா" என்று தட்டினான்.

மேஜையை ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஒப்படைத்துவிட்டு செருப்பில்லாமல் ஓடினேன். கிணற்றடியில் இருந்தாள். நான் சொல்வதற்குள் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

17 ஆகஸ்ட்

பாஞ்சாலிக்கு அவள் படித்த கல்லூரியிலேயே வேலை. செய்முறை வகுப்பில் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

பட்டணத்துக்கு மாற்றல் கேட்டு விண்ணப்பம் கொண்டுபோனேன். பெரிய அதிகாரி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "என்னய்யா இது? பொண்டாட்டி வேலைக்காகப் புருஷன் மாத்தல் கேக்குறதா? வேற காரணம் எழுதிக் கொடு."

"வேற காரணம் இல்லீங்க" என்றேன்.

9 அக்டோபர்

உத்தரவு வந்துவிட்டது. அம்மா பாத்திரங்களைக் கட்டிக்கொண்டிருக்கிறாள்.