நூறுக்கு ஒரு வைப்பர்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து சாரல். நெட் வருவதும் போவதுமாக. கடல் சத்தம் சன்னல் வரை.

மாதக் கணக்கு நாள். கம்பெனியின் கார்களை வெளிநாடுகளில் இறக்கி விற்கும் பார்ட்னர்கள் பதினொரு பேர். அவர்கள் அனுப்பும் எண்களை ஒரே தாளில் சேர்ப்பது என் வேலை. ஆபீஸ் சென்னையில். நான் இராஜாக்கமங்கலத்தில், அம்மாவின் தையல் மேசையில்.

இன்று தெரிந்துகொண்டவை:
– ஆப்பிரிக்காவுக்குக் கார் காராகப் போவதில்லை. பாகங்களாகப் பெட்டிகளில் போய் அங்கே ஒன்றாகப் பூட்டப்படுகிறது. பெட்டி எந்த நிமிடம் காராகிறது? மேலாளர் சந்திரன் சாரிடம் கேட்டேன். "பில் போட்ட நிமிஷம்மா."
– கப்பலில் ஏறிவிட்டாலே அது 'விற்பனை'. வாங்கி ஓட்டப்போகிறவர் யாரென்று தெரிய வேண்டியதில்லை.

எம்.ஏ. தத்துவத்தில் இப்படி ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை.

மாலை. மைனி – அண்ணன் மனைவி – குழந்தையின் கவுனுக்கு வெள்ளைத் துணி எடுத்து வந்தாள். 22 ஞாயிறு ஞானஸ்நானம். அண்ணனுக்கு 19-க்கு டிக்கெட். பிள்ளையை இதுவரை போனில்தான் பார்த்திருக்கிறான்.

ஜூன் 10

மஸ்கட் பார்ட்னரோடு ஒப்பந்தம் புதுப்பிக்கிறார்கள். கையெழுத்துக்கு முன், அவர்கள் யார்டில் விற்காமல் நிற்கும் கார்களை எண்ணிக் காட்ட வேண்டும். என் தாள்படி 618.

அந்த யார்டைப் பார்த்துக்கொள்வது ஆன்றோ. என் அண்ணன். சென்னையில் யாருக்கும் தெரியாது. 'சொல்ல வாய்க்கவில்லை' என்று எழுதி அடித்துவிட்டேன். சொல்லவில்லை.

காரின் எண்ணைப் படிக்கும் மெஷின் ஒன்று உண்டாம். தூசியில் படிக்கவில்லை. கையால் எண்ணுகிறான்.

ஜூன் 12

612.

ஆறு கார் குறைகிறது. மறுபடி எண்ணினான். 612.

சந்திரன் சாரின் மெயில்: கணக்கு நேராகும்வரை யார்டு ஊழியர் எவருக்கும் லீவு இல்லை என்று பார்ட்னர் கம்பெனி சொல்லிவிட்டது. 'ஊழியர் எவருக்கும்'. அங்கே இருப்பது ஒருவன்.

மத்தியானம், அவனுடைய வெயில் இடைவேளையில் கூப்பிட்டேன்.

"ஏட்டி, ஆறு காரு என்ன, கொண்டை ஊசியா களஞ்சு போறதுக்கு? கேட்டத் தாண்டி ஒரு பூன போனாலும் எனக்குத் தெரியும்."

"வேற யாராவது எடுத்திருப்பாவளா அண்ணே?"

"சாவிப் பெட்டி என் கையிலல்லா இருக்கு. அப்ப நான்தான் எடுத்திருக்கணும். அப்பிடித்தான் பாக்கானுவ."

அம்மா: "பிள்ளைக்க அப்பன் வராம எப்பிடி ஞானஸ்நானம் குடுக்க? சாமியார்ட்ட தேதி மாத்தச் சொல்லட்டா?"

மைனி கவுனில் பித்தான் தைத்தாள். தைத்ததைப் பிரித்தாள்.

ஜூன் 13

மழை இல்லை. மீன்காரி வரவில்லை.

ஒரே கேள்வி நாள் முழுக்க. இரண்டு தடவையும் ஏன் சரியாக 612? கவனம் பிசகினால் ஒரு தடவை ஐந்து விடும், இன்னொரு தடவை ஒன்பது விடும். பிசகு ஒரே மாதிரி வந்தால் அது பிசகில்லை. ஏதோ ஒரு முறை.

திருட்டு என்றாலும் அப்படித்தான் வரும். இதையும் எழுதிவைக்கிறேன்.

எண்ணி முடித்த யார்டைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன்.

ஜூன் 14, சனி

பன்னிரண்டு படங்கள். கார், கார், கார். வெள்ளையா சாம்பலா தெரியவில்லை. எல்லாம் தூசி நிறம். டயர்களை ஒட்டி மணல். பேட்டரி சாகாமலிருக்க வாரம் ஒரு தடவை ஒவ்வொன்றையும் ஸ்டார்ட் செய்து கொஞ்சம் நகர்த்தி வைப்பானாம்.

நாலாவது படத்தில் ஒரு காருக்கு மட்டும் வைப்பர் தூக்கி நிற்கிறது. ஏழாவது படத்திலும் ஒன்று.

"அது என்ன, வைப்பர்?"

"நூறுக்கு ஒண்ணு. கணக்கு விட்டுப் போவாண்டாம்னு."

"நூறாவது காரா?"

"நூறு எண்ணியாச்சுன்னா அடுத்ததுக்க வைப்பரத் தூக்கி விடுவேன்."

"அந்தக் கார எண்ணுவியா?"

"அத எதுக்கு எண்ண? அது அடையாளம்லா."

அந்தப் பக்கம் அவன் வாய்க்குள் எண்ணும் சத்தம்.

பிறகு, "எக்க மாதாவே."

அயிலை மீன் எண்ணுகிற முறை. கடற்கரையில் அப்பா நூறு மீன் எண்ணியதும் ஒன்றைத் தனியே எறிவார். தனியே கிடப்பது எத்தனையோ அத்தனை நூறு. அந்த மீன் நூற்றில் சேராது. எண்ணுகிறவருக்கு அது. பள்ளிக்கூடம் விட்டதும் அண்ணன் அவர் பக்கத்தில் போய் உட்காருவான். எங்கள் வீட்டுக் குழம்பு பல நாள் அந்த மீன்தான்.

ஆறு நூறு. ஆறு வைப்பர்.

அப்பாவிடம் சொன்னேன். யோசித்துவிட்டுக் கேட்டார்: "அப்ப அந்த ஆறு காரும் அவனுக்குல்லா வரணும்?"

மூன்று நாளில் மைனி முதல் தடவையாகச் சிரித்தாள்.

ஜூன் 16

சந்திரன் சாரிடம் எல்லாம் சொன்னேன். மீன், வைப்பர். கடைசியில் அண்ணன்.

"முதல்லயே சொல்லிருக்கலாமேம்மா."

"சொல்லியிருந்தா இந்தத் தாள என்கிட்ட விட்டிருப்பீங்களா சார்?"

நெட் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.

"அவங்க ஆள் ஒருத்தர் தனியா எண்ணட்டும். 618 வந்தா உங்க அண்ணன் வரட்டும்."

போனை வைக்கும் முன் ஒன்று கேட்டேன். ஆறுக்கு இத்தனை மெயில். 618 அங்கே நிற்கிறதே, அதற்கு?

"அது நமக்கு வித்தாச்சும்மா."

ஜூன் 17

பார்ட்னரின் கணக்கர் எண்ணினார். 618. அண்ணனை நிழலில் உட்காரவைத்துவிட்டாராம், வைப்பர் பக்கம் போகாதே என்று.

லீவு கிடைத்தது. 19-ஆம் தேதி டிக்கெட்டைக் கேன்சல் செய்திருந்தார்கள். 21 காலை, திருவனந்தபுரம். ஞானஸ்நானத்துக்கு ஒரு நாள் முன்னால். போதும்.

ஒப்பந்தம் கையெழுத்தானது. செய்திக்குறிப்பில் 'வளைகுடாவில் உறுதியான வளர்ச்சி'. இன்னும் இருநூறு கப்பலேறிவிட்டது.

அண்ணன்: "இருநூறா? எக்க தலையில கொண்டா நிறுத்த?"

இருநூறையும் விற்பனையில் போட்டேன். பக்கத்தில் ஒரு கட்டம் புதிதாகச் சேர்த்தேன்: 'யார்டில் நிற்பவை'. கேட்டுச் செய்யவில்லை. இதுவரை யாரும் அழிக்கவில்லை.

ஜூன் 21, சனி

விமான நிலையம். மெலிந்திருக்கிறான். கழுத்து கறுத்து, தொப்பி நிழலில் நெற்றி மட்டும் பழைய நிறம்.

நான் பிடித்து வந்த டாக்சி எங்கள் கம்பெனி கார். யார்டில் நிற்கும் அதே மாடல். யோசித்துப் பிடித்ததில்லை. ஏறாமல் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தான். டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். களியக்காவிளை வரை கண் ஸ்பீட் மீட்டரில்.

"என்ன அண்ணே, பிள்ளைய நெனச்சிட்டு வாறியா?"

"இல்ல. இது ஓடுது பாத்தியா."

டிரைவர் சிரித்தார். "காருன்னா பின்ன ஓடாமலா?"

"நமக்கு அப்பிடியில்ல கேட்டியளா. தள்ளி நிறுத்தி, தள்ளி நிறுத்தி, ரெண்டாவது கியர் போட்டதே இல்ல."

தக்கலையில் மழை பிடித்தது. டிரைவர் வைப்பரைப் போட்டார். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் வெளியே பார்த்தேன்.

மைனியின் போன். ஸ்பீக்கரில் பிள்ளை அழுகிற சத்தம்.

"எங்க வந்தாச்சு?"

"காரு ஓடிட்டு இருக்கு" என்றான்.