விளக்குக்குக் கொடுத்த குரல்

ஞாயிறு, இரவு

ஹைதராபாத் கச்சிபௌலியில் மகள் வித்யாவின் வீட்டில், அவள் நண்பர்களோடு நானும் பகடை உருட்டி ஒரு கதை விளையாட்டு ஆடினேன். கதையில் சூரியன் செத்துப்போன ஊர். விளக்கேற்ற ஒரு நினைவைக் கொடுக்க வேண்டும், கொடுத்தது திரும்பாது.

நான் பதினேழாம் வாய்ப்பாட்டைக் கொடுத்தேன்.

"ஆன்ட்டி, அது நினைவில்ல, சிலபஸ்!" என்று சிரித்தார்கள். விளக்கு எரியவில்லை. கதையில் நான் ஆடிய வீரன் இருட்டில் மாட்டிக்கொண்டான்.

வித்யா சட்டென்று, "நான் அப்பாவோட குரலைக் கொடுக்கறேன்" என்றாள். நான் பிழைத்தேன்.

"வேற எதுவும் கிடைக்கலையாடி?"

"விளையாட்டுதானேம்மா!"

கணக்கு வகுப்பில் பிள்ளைகளிடம் 'எக்ஸ் என்று வைத்துக்கொள்வோம்' என்பேனே, அதுபோல இதுவும் ஒரு வைத்துக்கொள்வோம்தான். பிறகு ஏன் மனசு ஆறவில்லை? அவர் போய் நான்கு வருஷம். அவர் என்னைக் கூப்பிடுகிற மாதிரி என் பேரை இப்போது சொல்லிப் பார்த்தேன். சரியாக வரவில்லை. காலையில் வித்யாவை அவர் மாதிரி கூப்பிட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். கேட்கத்தான் பயமாக இருக்கிறது. அவளுக்கும் வராவிட்டால்?