பூங்காவில் யார் வீட்டுச் சோறு

மருதமுனை
06.08.2025, புதன்

அன்பு மகள் ஸுஹைறாவுக்கு உம்மாவின் ஸலாம்.

அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். நீயும் மருமகன் அஸ்கியும் பேத்தி மின்ஹாவும் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆக் கேட்கிறேன்.

கையில் போன் இருக்க இந்த உம்மா கடிதம் எழுதுகிறாளே என்று சிரிக்காதே. உனக்கு அழைப்பெடுத்தால் உன் வாப்பா பக்கத்தில் வந்து நிற்கிறார். தான் கதைக்க மாட்டாராம், ஆனால் நான் என்ன கதைக்க வேண்டும் என்று சொல்லித் தருவாராம். அதைக் கேட்டு நீ அங்கே அழுகிறாய், நான் இங்கே போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போகிறேன். குரல் பதிவு அனுப்பினாலோ அது வீடு முழுக்கக் கேட்கிறது. ஆகவே உன் மாமி மகன் ஜவாத்தின் லொறியைத்தான் நம்பியிருக்கிறேன். புதன்கிழமைகளில் கொழும்புப் புறக்கோட்டைக்கு நம்மூர்க் கைத்தறிச் சாரம், கைலி ஏற்றிப் போகிறவன் இதை உன்னிடம் தருவான். பதிலையும் அவனிடமே கொடுத்துவிடு.

விஷயத்துக்கு வருகிறேன். வாப்பா ஓம், சரி என்றுவிட்டார். வருகிற 23ஆம் திகதி, சனிக்கிழமை, விகாரமகாதேவிப் பூங்காவில் ஒரு பகல். உன் வீட்டுக்கு மட்டும் வர மாட்டாராம். "எண்ட மகளுக்கு நான் ஊடு கட்டிக் குடுத்திரிக்கன். அவள் அதுல வந்து இருக்கட்டும். நான் ஏன் இன்னொருத்தண்ட ஊட்டுப் படி ஏறணும்" என்று பழைய பல்லவிதான். நம் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு, வந்து குடியிருப்பது மாப்பிள்ளை. உலகம் முழுக்க இதுதான் சட்டம் என்று மனுஷன் நினைத்துக்கொண்டிருக்கிறார். கொழும்பில் பிறந்து வளர்ந்து அச்சகத்தில் வேலை பார்க்கிற பிள்ளை இங்கே வந்து என்ன செய்வான், கடற்கரையில் நின்று அலை எண்ணுவானா? இரண்டு வருடமாக இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றிப்போயிற்று.

நீயும் லேசுப்பட்டவள் இல்லை. "வாப்பா எண்ட வீட்டுக்கு வந்து ஒரு கோப்பைத் தேத்தண்ணி குடிச்சாத்தான் நான் ஊருக்கு வருவன்" என்று சொல்லிவிட்டு இருக்கிறாய். இரண்டு பேரும் ஒரே அச்சு. பேத்தி பிறந்து எட்டு மாதமாகிறது, அவளை நான் போனில்தான் பார்க்கிறேன். அதனால்தான் பூங்காவை யோசித்தேன். அது யாருடைய வீடும் இல்லை. யாரும் யாருடைய படியும் ஏற வேண்டியதில்லை. மரநிழலில் இருந்து பிள்ளையை மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டுப் பின்னேரம் திரும்பலாம்.

இப்போது வீட்டில் எந்த வாசலால் உள்ளே போவது என்று விவாதம் நடக்கிறது. பெரியவாப்பா சீனிமுகம்மது நூதனசாலைப் பக்கம் என்கிறார். வாப்பா டவுன்ஹோல் பக்கம் என்கிறார், லுஹர் தொழுகைக்குப் பள்ளி கிட்டவாம். இருவரும் அந்தப் பக்கம் போய் இருபது வருடம் இருக்கும். வாப்பா இன்னும் அதை விக்டோரியா பார்க் என்றுதான் சொல்கிறார். சாரம் விற்கப் போன காலத்தில் கூடப்போன மூத்த வியாபாரிகள் சொன்ன பெயராம். அங்கே குடை பிடித்துக்கொண்டு சோடி சோடியாக இருப்பார்களே, அந்தப் பக்கம் பேத்தியைக் கொண்டு போகக் கூடாது என்று இப்போதே உத்தரவும் போட்டாயிற்று.

நீ சம்மதம் என்று ஒரு வரி எழுதி அனுப்பு. எனக்கு அது போதும்.

இப்படிக்கு,
உம்மா

மருதமுனை
13.08.2025

மகள் ஸுஹைறாவுக்கு,

ஸலாம். உன் கடிதம் கிடைத்தது. சம்மதம் என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் சந்தோஷத்தில் வாப்பாவுக்கு முழுதாக வாசித்துக் காட்டினேன். அதுதான் நான் செய்த பிழை. கடைசியில் "சாப்பாடு நான் ஆக்கிக் கொண்டு வருவேன்" என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் மனுஷனின் முகம் மாறியது.

"அவள் கொண்டு வாற சோத்தத் திண்டா அவண்ட ஊட்டுல இருந்து திண்ட மாதிரித்தானே" என்றார். ஆகவே நாங்கள்தான் இங்கிருந்து ஆக்கிக்கொண்டு வர வேண்டுமாம். எட்டு மணித்தியாலம் வேனில் வருகிற சோறு கொழும்பில் எந்த நிலையில் இறங்கும் என்று கேட்டேன். அது என் பொறுப்பாம்.

சரி, உன்னிடமாவது விட்டுக்கொடுப்பு இருக்கும் என்று ஜவாத்தைப் போனில் கதைக்கச் சொன்னால், நீ அவனிடம், "எண்ட ஊருக்கு வாறவங்க சோத்தக் கட்டிக்கிட்டு வந்தா அஸ்கிட உம்மா என்ன நினைப்பா? அப்பிடியெண்டா வரவே வேணாம்" என்றாயாம். புள்ள, உனக்கு எது எண்ட ஊர்? இரண்டு வருடத்தில் கொழும்புக்காரி ஆகிவிட்டாயா?

சோறு நாங்கள், கறி நீ என்று பிரித்துப் பார்த்தேன். பெரியவாப்பா உடனே தீர்ப்புச் சொன்னார்: சாப்பாடு என்றால் கறிதான், சோறு கணக்கில் வராது, ஆகவே விருந்து அஸ்கியுடையது. சரி, கறி நாங்கள், சோறு நீ என்றேன். அப்படியென்றால் எல்லோரும் சுற்றியிருந்து கை வைக்கிற சஹன் தட்டு யாருடையது என்கிறார். ஒரே சஹனில் வாப்பாவும் மருமகனும் எதிரெதிரே இருந்து கை வைத்தால் பிணக்கெல்லாம் முடிந்துபோன மாதிரி ஆகிவிடுமாம். அதற்காகத்தானே நாங்கள் போகிறோம் என்று கேட்டேன். வாப்பா எழுந்து போய்விட்டார்.

பிறகு பாய். பாயை விரிக்கிறவர்தான் விருந்து கொடுக்கிறவராம். இதையெல்லாம் எந்தக் கிதாபில் படித்தார்களோ தெரியாது. எனக்கு வந்த கோபத்தில், பூங்காவில் வாங்குப் பலகைகள் கிடக்கின்றன, அவை மாநகர சபைக்குச் சொந்தம், எல்லோரும் அதில் குந்திக்கொள்ளுங்கள் என்று கத்திவிட்டேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. உன் வாப்பா கல்முனை பஸாருக்கு இந்தக் கிழமை மூன்று தடவை போய் வந்தார். பேத்திக்கு ஒரு சட்டை வாங்கினார், சிறிதென்று மாற்றினார், பெரிதென்று மறுபடி மாற்றினார். எட்டு மாதப் பிள்ளை எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று கடைக்காரப் பெண்ணிடம் கேட்டாராம். ஜவாத்திடம் கொடுத்து அனுப்புங்களேன் என்றால், "நான் குடுத்துக்குவன், நீ உண்ட வேலையப் பாரு" என்று கடுகடுத்தார். பிள்ளை தவழுகிறதா என்று என்னிடம் கேட்கிறார். எனக்கு எப்படித் தெரியும்? நானும் போனில்தானே பார்க்கிறேன்.

இரண்டு பேரில் ஒருவராவது இறங்கி வாருங்கள். எனக்கு அலுத்துவிட்டது.

உம்மா

மருதமுனை
20.08.2025

மகள் ஸுஹைறாவுக்கு,

ஸலாம். இன்று சுருக்கமாக எழுதுகிறேன், ஜவாத் வெளியில் லொறியை இரையவிட்டுக்கொண்டு நிற்கிறான்.

வேன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வாப்பா வேன்காரனுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வரவே வேண்டாம் என்று நீ சொன்னதை அவர் காதில் போட்டது பெரியவாப்பா. அன்றிலிருந்து வீட்டில் கதை பேச்சில்லை. சட்டைப் பொட்டலம் அலுமாரிக்கு மேலே இருக்கிறது.

நானும் அழுது பார்த்தேன், சாப்பிடாமல் இருந்து பார்த்தேன், ஒன்றுக்கும் அசையவில்லை. நேற்றுக் காலையில் புர்க்காவைப் போட்டுக்கொண்டு கல்முனைக்குப் போய், வெள்ளிக்கிழமை இரவு கொழும்பு பஸ்ஸுக்கு இருக்கை பதிந்துவிட்டு வந்தேன். ஐம்பத்திநான்கு வயதில் அம்பாறையைத் தாண்டித் தனியே போனதில்லை. சிங்களமும் வாசிக்கத் தெரியாது. பரவாயில்லை, வாயிருக்கிறது, கேட்டுக்கொண்டு வருவேன். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு டவுன்ஹோல் பக்க வாசலில் நிற்பேன். நீ வராவிட்டால் பின்னேரம் வரைக்கும் நின்றுவிட்டுத் திரும்பிவிடுவேன். அதையும் யோசித்துக்கொள்.

பதிந்தது இரண்டு இருக்கை. பஸ் டிக்கெட் துண்டை வாப்பாவின் முன்னால் வைத்தேன். கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். யன்னல் பக்கமா என்று மட்டும் கேட்டார். வருவாரா மாட்டாரா என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆனால் இன்று காலை முடி வெட்டப் போயிருக்கிறார்.

மகள், கவனமாகக் கேள். நான் சோறும் கொண்டு வரவில்லை, கறியும் இல்லை, பாயும் இல்லை. வெறுங்கையோடும் வெறும் வயிற்றோடும் வருகிறேன். நீ ஆக்கு. உன் வீட்டுச் சஹனிலேயே போட்டுக் கொண்டு வா, உன் வீட்டுப் பாயையே விரி. அஸ்கியோடு ஒரே சஹனில் நான் கை வைத்துச் சாப்பிடுவேன். கலியாணம் முடிந்து இரண்டு வருடமாகிறது, உன் கையால் நான் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. ஊரில் யார் என்ன சொன்னாலும் சொல்லட்டும்.

வாப்பா வந்தால், பாயில் குந்த மாட்டார். ஒரு மரத்தடியில் தள்ளி நின்று, அந்தக் காலத்துக் கதை எதையாவது யாரிடமாவது சொல்லிக்கொண்டிருப்பார். அவரைக் கூப்பிடாதே. சாப்பிட வாங்க என்றும் சொல்லாதே. அஸ்கி ஸலாம் சொல்லட்டும், அவ்வளவு போதும். நீ நேரே போய் மின்ஹாவை அவர் கையில் கொடுத்துவிடு. எட்டு மாதப் பிள்ளையை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடித்திருக்கிறவர் யாருடைய சஹனிலும் கை வைக்க முடியாது, அவருடைய சபதமும் அப்படியே இருக்கும். அந்த நேரம் பார்த்து நீ ஒரு கவளம் பிசைந்து அவர் வாய்க்குக் கிட்டக் கொண்டு போ.

வாயை மூடிக்கொண்டாரென்றால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன்.

உங்கள் மூவரையும் அல்லாஹ் ஒன்றாகவே வைத்திருக்கட்டும். உறைப்பைக் கொஞ்சம் குறைத்துப் போடு, அவருக்கு இப்போது ஒத்துக்கொள்வதில்லை.

உன் உம்மா,
சுபைறா காலிதீன்