நலம் விசாரித்த குற்றம்

அன்புள்ள அம்மாவுக்கு அல்மாட்டியிலிருந்து அய்ஜமால். உங்கள் முழங்கால், அண்ணன், ஆடுகள், செங்குதிரை எல்லாம் சுகம்தானே?

நான் சுகம். சிரிக்க ஒரு சங்கதி. அலுவலகத்தில் அறுநூறு பேர் படிக்கும் மின்னஞ்சல் குழுவில் ஒரு சந்தேகம் கேட்டேன். நம் வழக்கப்படி முதலில் எல்லோர் வீட்டையும் மந்தையையும் விசாரித்துவிட்டேன். உடனே அனைவருக்கும் பதில் போட்டார் ஸெரிக்பாய்: "ஏம்மா, இங்க யாரு ஆடு மேய்க்கிறாங்க? கேள்விய மட்டும் நாலு வரியில கேளு!"

அவர் என் பக்கத்து மேசைக்காரர். தலையைத் திருப்பிச் சொல்லியிருக்கலாம். அவரும் தன் அம்மாவிடம் தொலைபேசியில் மந்தையைத்தான் முதலில் விசாரிக்கிறார். என் காதில் விழுகிறது.

இப்போது நாலு வரிதான் எழுதுகிறேன். பதில் ஒழுங்காக வருகிறது. எப்படி இருக்கிறாய் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

நீங்கள் உருட்டிக் காயவைத்த தயிர் உருண்டைகள் கொஞ்சம் அனுப்புங்கள். மேலாளர் வருகிறார், முடிக்கிறேன். பதிலை நீளமாக எழுதுங்கள். செங்குதிரையும் என்னை விசாரித்ததாக ஒரு வரி சேருங்கள், பொய்யானாலும் பரவாயில்லை.

உங்கள் மகள்,
அய்ஜமால்