இடது மரை

முத்தியால்பேட்டை, புதுச்சேரி
2-1-1978

அன்புள்ள தையல்நாயகிக்கு,

நீ நல்லபடியாகப் பிரான்சு போய்ச் சேர்ந்து, கமலா சித்தி வீட்டில் இருப்பதாக எழுதிய கடிதம் கிடைத்தது. ஸ்வெட்டர் போட்டுக்கொள். எனக்குச் சுற்றி வளைத்து எழுத வராது. விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கப்பாவிடம் கேட்டுவிட்டேன். நம்ம கல்யாணத்தைப் பிரெஞ்சு கொன்சுலா ஆபீசில் பதிந்தால்தான் எனக்கு விசா, அதுக்கு உங்க நேஷனாலிட்டி பேப்பர் வேணும், எடுத்துக் கொடுங்க என்றேன். பீரோவைப் பூட்டினார், சாவியை இடுப்பில் செருகினார், என்னை ஷெட்டுக்குக் கூட்டிப்போனார். கோழிக்கூண்டை நகர்த்தித் தார்ப்பாயை இழுத்தார். அந்த தெல்மார் வண்டி. ரெண்டே சீட்டு, நீட்டு மூக்கு, 1950-இல் செய்தது. பிரெஞ்சுக்கார டாக்டர் ஒருத்தர் ஊரைவிட்டுக் கப்பல் ஏறும்போது உங்கப்பா தலையில் கட்டிவிட்டுப் போனது. நீ சின்ன வயசில் அதில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டாயாம்.

"ஜூலை பதினாலு அன்னிக்கு இதுல என்னை பீச்சுக்கு இட்டும்போ. பேப்பர் அன்னிக்கே ஒங் கையில," என்றார். பிரெஞ்சுத் தேசியத் திருநாளுக்கு பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த மற்ற பென்ஷன் சொல்தாக்கள் மெடலைக் குத்திக்கொண்டு நடந்து வருவார்களாம். உங்கப்பா சுப்ராயன் மட்டும் காரில் போய் இறங்க வேண்டுமாம்.

நான் டிப்ளமா மெக்கானிக்கல். இன்ஜினுக்குப் பயந்தவன் இல்லை. ஆனால் இந்த வண்டியை இந்த ஊரில் ஒருத்தனும் பிரித்ததில்லை. கம்பெனியை மூடி இருபது வருஷம் ஆகிறது. கம்பெனியே போட்ட ரிப்பேர் மேனுவல் இல்லாமல் கை வைத்தால் நாசம்தான். அது அங்கேதான் கிடைக்கும். தேடு. சீக்கிரம் தேடு. உன்னிடம் வருகிற நம்பிக்கையில் மில் வேலையை விட்டுவிட்டேன். தெருவில் இறங்கினால், இன்னும் நீ போவலையா என்கிறார்கள். வீட்டுக்குள் வந்தால் உங்கப்பா.

இப்படிக்கு,
காத்தவராயன்

*

சார்செல்
12-2-1978

அன்புள்ள என்னங்கவுக்கு,

உங்க பேரை எழுதக் கை வரவில்லை. கூப்பிடுகிற மாதிரியே எழுதிவிட்டேன், சிரிக்காதீங்க. நீங்களும் அப்பாவும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? அப்பாவுக்கு மீன் இல்லாவிட்டால் சோறு இறங்காது. பிள்ளைச்சாவடிக் கன்னியம்மாள் கூடை கொண்டுவந்தால் விடாதீங்க.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. வயசானவங்க இல்லத்தில் துணி வெளுக்கிற பகுதி. தையல்நாயகி என்று சொல்ல இங்கே யாருக்கும் நாக்கு புரளவில்லை. மதாம் நாய் என்று அத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சித்தி சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டாள். எனக்கு முதல் நாள் அழுகை வந்தது, இப்போது கூப்பிட்ட குரலுக்குப் போகிறேன்.

உங்க புத்தகம் கிடைத்தது. நாலு ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தையில் அலைந்து, ரோஜே என்கிற பழைய புத்தகக்காரர் கடையில் கண்டுபிடித்தேன். தெல்மார் கம்பெனி அச்சடித்ததேதான். ஆனால் விற்க மாட்டாராம், மகனுக்கு வைத்திருக்கிறாராம். மெஷினில் வைத்துக் காப்பி எடுத்தால் புத்தகத்தின் முதுகு பிய்ந்துவிடுமாம். வேண்டுமானால் நின்று பார்த்து எழுதிக்கொள் என்கிறார். அதனால் ஞாயிறு தோறும் அங்கே நின்று, நம்ம பாஷையில் மாற்றி எழுதுகிறேன். கன்னிமார் மடத்துப் பள்ளியில் படித்த பிரெஞ்சு இதற்காவது உதவட்டும். கையுறை போட்டால் பேனா பிடிக்க முடியவில்லை, போடாவிட்டால் விரல் வெடிக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்க.

ஒரு ஆசை. ஸ்டூடியோவில் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. கல்யாணப் போட்டோவில் உங்க முகத்தை மாலை மறைக்கிறது.

உங்கள்,
தையல்நாயகி

*

முத்தியால்பேட்டை
5-3-1978

அன்புள்ள தையல்நாயகிக்கு,

பெட்ரோல் பகுதி ஆறு பக்கமும் வந்தது. 'பீச்சாங்குழல்' என்று எழுதியிருக்கிறாய். அது ஜெட் என்று புரிய எனக்கு ஒரு நாள் போய்விட்டது. இருந்தாலும் அளவெல்லாம் சரி. கார்புரேட்டர் முடிந்தது.

அடுத்தது அவசரம். டைமிங் செயின் அறுந்திருக்கிறது. அதைத் தொடவேண்டுமானால் கிராங்க் ஷாஃப்ட் முனையில் இருக்கிற பெரிய நட்டைக் கழற்ற வேண்டும். சாதாரண நட்டு இடப்பக்கம் திருப்பினால் கழலும். சில வண்டியில் இந்த ஒரு நட்டு மட்டும் எதிர்ப்பக்கம் கழலும், அதை லெஃப்ட் த்ரெட், இடது மரை என்போம். தப்பான பக்கம் பலம் கொடுத்தால் ஷாஃப்ட் முனையே முறியும். முறிந்தால் வண்டியும் போச்சு, பேப்பரும் போச்சு. இது இடதா இல்லையா என்று பார். படத்துக்குப் பக்கத்தில் போட்டிருப்பான். மற்றக் கதை எல்லாம் அப்புறம், இதை முதலில் எழுது.

சாயந்திரமானால் உங்கப்பா பெலோத் சீட்டு ஆட உட்காரவைக்கிறார். தோற்றாலும் எழுந்திருக்க விடுவதில்லை, ஜெயித்தாலும் விடுவதில்லை.

காத்தவராயன்

*

முத்தியால்பேட்டை
20-4-1978

அன்புள்ள தையல்நாயகிக்கு,

9-ந்தேதி நீ போட்ட ஏரோகிராம் இன்று காலை வந்தது. பிரித்ததும் முதலில் நட்டுப் படம், பக்கத்தில் 'இடது அல்ல என்று போட்டிருக்கிறது' என்ற வரி. கடிதம் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

நட்டு இருபத்தெட்டு வருஷத் துருவில் இறுகிக் கிடக்கிறது. அதற்கென்று பெரிய ஸ்பானர் ஒன்றை மேட்டுப்பாளையத்தில் முருகையன் லேத் பட்டறையில் செய்யச் சொல்லியிருக்கிறேன். அந்த ஆள் என் டிப்ளமாவைக் கேட்டுவிட்டு, இங்க வேலைக்கு வாயேன்யா என்றார். நான் பிரான்சுக்குப் போகிறவன் என்றேன். சிரித்தார். ஏன் சிரித்தார் என்று தெரியவில்லை.

காத்தவராயன்

*

சார்செல்
14-5-1978

அன்புள்ள என்னங்கவுக்கு,

உங்க கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நட்டு இருக்கிறது, ஸ்பானர் இருக்கிறது. நான் கேட்டதற்குப் பதிலைத்தான் காணோம். மறந்துவிட்டீர்களா, இல்லை மனசில்லையா? பெரிசாக ஒன்றும் எழுத வேண்டாம், ஒரு வரி போதும்.

இங்கே வெயில் வந்துவிட்டது. இல்லத்தின் தலைமைத் தாதி என்னைக் கூப்பிட்டு, நீ துணி வெளுக்கிற ஆள் இல்லை, தாதிப் படிப்பு படி, லீல் நகரத்தில் இரண்டு வருஷம், தங்க இடமும் உண்டு என்றாள். நீங்கள் வருகிறீர்களா என்று தெரியாமல் நான் என்ன சொல்லட்டும்? பார்க்கலாம் என்றேன்.

பிரேக் பகுதி எட்டுப் பக்கம் தனியாக வைத்திருக்கிறேன்.

உங்கள்,
தையல்நாயகி

*

முத்தியால்பேட்டை
2-6-1978

தையல்நாயகிக்கு,

முறிந்துவிட்டது.

நேற்று ஸ்பானரை மாட்டி, நாலடிப் பைப்பைச் செருகி, நீ எழுதியபடி சாதாரண நட்டு என்று நம்பி இடப்பக்கம் இழுத்தேன். அசையவில்லை. உங்கப்பாவும் ஒரு கை கொடுத்தார். சத்தம் கேட்டதும் கழன்றுவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். ஷாஃப்ட் முனை நட்டோடு சேர்ந்து கீழே விழுந்தது. மரையைத் துடைத்துப் பார்த்தேன். இடது மரை. உன்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அதற்கென்றே தனியாகக் கடிதம் எழுதிக் கேட்டேன். ஒரு சொல்லை ஒழுங்காகப் படிக்க முடியாதா? எனக்குப் பிரெஞ்சு தெரிந்திருந்தால் உன் தயவு எதற்கு?

இந்த ஷாஃப்ட் இனி உலகத்தில் கிடைக்காது. உங்கப்பாவிடம் வண்டி அவ்வளவுதான் என்று சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். தார்ப்பாயை எடுத்துப் பதமாக மூடினார்.

"ஓடலன்னா போவுது. நீ இருக்கியே," என்றார்.

மத்தியானம் மீன் குழம்பில் கிடந்த நடுத்துண்டு இரண்டையும் என் தட்டில் வைத்தார். இந்த ஆள் எதற்காக இந்த வண்டியைக் காட்டினார் என்று அப்போதுதான் உறைத்தது. முறிந்தாலும் முறியாவிட்டாலும் அந்தச் சாவி இடுப்பைவிட்டு வராது.

நீ கேட்டதற்கு இப்போது என்ன அவசரம்? இருக்கிற எரிச்சலில் அது ஒன்றுதான் குறைச்சல். ஜூலை போகட்டும், பார்க்கலாம். பிரேக் பக்கங்களை அனுப்ப வேண்டாம்.

காத்தவராயன்

*

சார்செல்
2-7-1978

காத்தவராயன் அவர்களுக்கு,

மூன்று ஞாயிறு எழுதாமல் இருந்தேன். இன்று எழுதிவிடுகிறேன்.

முதலில் என் தப்பு. உங்க கடிதத்தை எடுத்துக்கொண்டு ரோஜே கடைக்குப் போனேன். படத்துக்குப் பக்கத்தில் 'பா ஆ கோஷ்' என்று இருக்கிறது. 'பா' என்றால் 'இல்லை' என்றுதான் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். 'கோஷ்' இடது. அதனால் இடது அல்ல என்று எழுதினேன். அவர் மேசையிலிருந்து ஒரு திருகாணியை எடுத்து அதன் மரையை நகத்தால் தொட்டுக் காட்டினார். மெக்கானிக் வாயில் 'பா' என்றால் இதுவாம். மரை, இடது. நான் படித்ததற்கு நேர் எதிர். கடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நாலு மாசம் நின்று எழுதியதில் உங்களுக்கு வேண்டியிருந்த ஒரே சொல்லைத் தப்பாக எழுதிவிட்டேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்கிறேன்.

இரண்டாவது. ஏப்ரல் 9 ஏரோகிராமின் பின்பக்கம் முழுக்க எழுதியிருந்தேனே. இங்கே மேரி என்கிற நகராட்சி ஆபீசில் விசாரித்தேன், அப்பா பேப்பர் வேண்டியதே இல்லை, பொண்டாட்டியின் பேப்பரே போதும் என்று சொல்லி, அன்றைக்கே முத்திரை போட்டுக் கொடுத்தார்கள். அதை ரிஜிஸ்தர் தபாலில் வீட்டுக்கு அனுப்பினால் அப்பா பிரித்துவிடுவார். வர உங்களுக்குச் சம்மதமானால் வேறு விலாசம் எழுதுங்க, அந்த ஒரு வரி போதும் என்று கேட்டிருந்தேன். நட்டைப் பற்றிச் சந்தோஷமாகப் பதில் போட்டீர்கள். மே மாதம் மறுபடி கேட்டேன். என்ன அவசரம், அது ஒன்றுதான் குறைச்சல் என்று எழுதிவிட்டீர்கள்.

அந்தப் பேப்பருக்கு மூன்று மாசம்தான் ஆயுசு. வருகிற 6-ந்தேதியோடு முடிகிறது. நான் புதுப்பிக்கப் போகவில்லை. செப்டம்பரில் லீல் போகிறேன். தாதிகள் விடுதியில் இடம் சொல்லியாகிவிட்டது, தனி ஆளுக்கான அறை.

கோபம் ஒன்றும் இல்லை. நீங்கள் வெளியே வர ஆசைப்பட்டீர்கள். என்னிடம் வர ஆசைப்பட்டீர்களா என்று எனக்குத் தெரியவே இல்லை. அப்பாவைத் திட்டாதீங்க, அவருக்குப் பேச ஆள் கிடையாது.

தையல்நாயகி

*

புதுச்சேரி
16-7-1978

அன்புள்ள தையல்நாயகிக்கு,

உன் கடிதம் 12-ந்தேதி வந்தது. தந்தி ஆபீஸ் வரைக்கும் போய், தேதியைக் கணக்குப் பார்த்துத் திரும்பிவிட்டேன்.

உள்ளதை எழுதுகிறேன். அந்தப் பின்பக்கத்தை நான் படிக்கவில்லை. பிரித்ததும் நட்டுப் படம் கண்ணில் பட்டது. அப்படியே ஷெட்டுக்கு ஓடி, வேலை செய்யும்போது கண்ணுக்கு நேரே இருக்கட்டும் என்று மைதாப் பசை தடவித் தகரக் கதவில் ஒட்டிவிட்டேன். சாயந்திரம் படிக்கலாம் என்றுகூடத் தோன்றவில்லை. மே மாதம் நீ கேட்டபோது போட்டோவைத்தான் கேட்கிறாய் என்று நினைத்தேன். என்ன அவசரம் என்று எழுதியது போட்டோவுக்கு. இதை நம்பு என்று சொல்ல எனக்கு முகம் இல்லை. நடந்தது இதுதான்.

உன் பழைய கடிதங்களை எல்லாம் எடுத்தேன். பாதி கத்தரித்துக் கதவில் இருக்கிறது, பாதியில் கிரீஸ். விரல் வெடித்ததாக எழுதியதை நேற்றுத்தான் கவனித்துப் படித்தேன். இப்போது ஆறிவிட்டதா?

பதினாலாம் தேதி உங்கப்பா மெடல் குத்திக்கொண்டு ரிக்ஷாவில் போனார். நானும் கூடப் போனேன். திரும்பி வந்ததும், உன் பேப்பரே போதும் என்று மேரியில் சொன்ன விவரத்தைச் சொன்னேன். உனக்குத் தெரிந்துபோச்சா என்று கேட்டார். அவருக்கு முதலிலேயே தெரியும் போல. நான் கத்தவில்லை. நீ திட்டாதே என்று எழுதியிருக்கிறாய். நேற்றுக் காலை பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஞாயித்துக்கெழமை சீட்டாட வருவியா என்றார். வருகிறேன் என்றேன். போவேன்.

கிளம்புவதற்கு முன்னால் தகரக் கதவில் ஈரத்துணியைப் போட்டு ஊறவைத்து, பிளேடால் உன் கடிதத்தை உரித்தேன். இரண்டு மணி நேரம் ஆச்சு. இவ்வளவு பொறுமையாக ஒரு வேலையும் நான் செய்ததில்லை. மை கரைந்துவிட்டது. மிஞ்சியது இவ்வளவுதான்: 'நீங்க வந்தா முதல்ல', அப்புறம் ஒன்றும் இல்லை, அதற்குக் கீழே 'சித்திகிட்டகூட சொல்லலை', அப்புறம் 'வேற விலாசம்'. மீதி எல்லாம் கதவிலேயே நீலமாக அப்பிக்கிடக்கிறது, எழுத்தாகத் தெரியவில்லை. நான் வந்தால் முதலில் என்ன என்று உனக்கு ஞாபகம் இருக்குமா?

லீல் போ. படி. பேப்பரைப் புதுப்பிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. நீ ஏப்ரலில் கேட்டதை மட்டும் எழுதுகிறேன்.

காத்தவராயன்
முருகையன் லேத் பட்டறை
தொழிற்பேட்டை, மேட்டுப்பாளையம்
புதுச்சேரி